ஓரத்து வரிசைக் கிழங்கு

"கசப்புக் கிழங்குடி! என் வரிசைலேர்ந்து யாரோ புடுங்கிட்டுப் போயிருக்காங்க. சாறு பிழியாம அவிச்சுத் தின்னா செத்துடுவீங்க!"

தெருவில் நிக்கனோராவின் குரல். எவெலியாவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. அடுப்பில் பாதிப் பானை மரவள்ளி. மீதிப் பாதி மகள் லூஸின் வயிற்றில்.

விடிந்ததும் விடியாததுமாக ஆற்றங்கரை வயலில் திருடியது. யார் வரிசை எது என்று காட்டும் குச்சிகளை ஊரே பிடுங்கி அடுப்பெரித்துவிட்டது. திருடருக்காகவே ஓரத்து வரிசையில் கசப்பு ரகம் நடுவார்கள். ஓரமா, நடுவா என்று அவள் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்பதுதான் நிஜம்.

ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். நிக்கனோரா இடுப்பில் காலிக் கூடையோடு வீடு வீடாகக் கத்திக்கொண்டு போனாள்.

"யாருன்னு நான் கேக்கல, காவல்காரங்ககிட்டயும் சொல்ல மாட்டேன். வாய்க்கால் மேட்டுல கொட்டிடுங்க, போதும்!"

எவெலியா திரும்பினாள். "லூஸ், வயிறு வலிக்குதாடி?"

"இல்லம்மா. தூக்கமா வருது."

விஷம் ஏறினால் முதலில் கண்தான் சொருகும். ஓடிப்போய் உதவி கேட்கலாம். கேட்டால் திருடி என்று கழுத்தில் கிழங்கைக் கட்டித் தெருவில் நடக்கவிடுவார்கள். போன மாதம் ஒருத்தி நடந்தாள். ஒரு நொடி, மகளின் சாவைவிட அந்தத் தெரு பெரிதாகத் தெரிந்தது.

குழந்தையின் தொண்டைக்குள் விரலை விட்டாள். லூஸ் தின்றது அத்தனையும் வெளியே வந்தது.

"ஏம்மா? நல்லா இனிச்சுச்சேம்மா..." குழந்தை தேம்பியது.

எவெலியா பானையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வாய்க்கால் மேட்டில் ஏற்கெனவே நான்கைந்து வீட்டுக் கிழங்கு ஆவி பறக்கக் கிடந்தது. கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள்.

மகளின் முகத்தைத் துடைக்கும்போதுதான் உறைத்தது. வேறு யார் பிள்ளையாவது அதை அள்ளித் தின்றுவிட்டால்?

மறுபடியும் ஓடினாள்.

மேட்டில் நிக்கனோரா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கிழங்கில் ஒட்டிய மண்ணை முந்தியால் துடைத்துக் கூடையில் போட்டாள். ஒரு துண்டை ஊதி, பக்கத்தில் நின்ற தன் குழந்தைக்கு ஊட்டினாள்.

"அக்கா! விஷம்னு நீங்கதானே கத்துனீங்க? புள்ளைக்குக் குடுக்காதீங்க!"

நிக்கனோரா நிமிரவில்லை.

"எனக்கு ஏதுடி வரிசை? நான் கிழங்கு நட்டே மூணு வருஷமாச்சு."