கரன்ட் போகாத நாள்

"இன்னுமா கரன்ட் போகல?"

முதலாளி அண்ணாந்து பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"போகல மாமா," என்றான் மச்சினன். பட்டறையின் ஒரே பிட்டர் அவன்தான். "காலையிலேர்ந்து ஒரு சிமிட்டல்கூட இல்ல."

"மணி என்ன?"

"ரெண்டேகால்."

தண்ணீர் மோட்டாருக்கு ரப்பர் வளையம் செய்கிற சின்னப் பட்டறை அது. அச்சில் அழுத்தி எடுத்த வளையங்களை மின்அடுப்பில் வைத்து, மூன்று மணி நேரம் ஒரே சூட்டில் வேகவிட வேண்டும். நடுவில் மின்சாரம் நின்றால் தொலைந்தது. பாதி வெந்த ரப்பர் எதற்கும் ஆகாது. ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. அது விளக்கையும் விசிறியையும் ஓட்டும், அடுப்பை இழுக்காது.

அந்த வட்டாரத்தில் தினமும் ஒரு முறை மின்சாரம் போகும். காலையிலும் போகலாம், மத்தியானமும் போகலாம். ஆனால் ஒரு முறை போய்விட்டு வந்துவிட்டால் அப்புறம் இரவு வரை கவலையில்லை. அதனால் பட்டறையில் ஒரு வழக்கம் ஊறிப்போயிருந்தது. கரன்ட் போய் வந்த பிறகுதான் அடுப்பில் சரக்கு ஏறும்.

இன்று ஆறு மணிக்கு மோட்டார் கம்பெனி வேன் வருகிறது. ஏற்கெனவே இரண்டு முறை சரக்கு கெட்டு, தவணை கேட்டாகிவிட்டது. இந்த முறையும் தவறினால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்த ரப்பர் முழுவதும் அச்சுக்குப் போய்விட்டது. கெட்டால் இன்னொரு முறை போட ஒரு பிடிகூடக் கிடையாது. இந்த ஆர்டர் போனால் பட்டறைக்கும் பூட்டுதான்.

"பேசாம ஏத்திடலாமா முதலாளி?" என்றாள் அடுப்பக்கா. பன்னிரண்டு வருடமாக அடுப்பு முன்னால் நிற்கிறவள். சொந்தப் பெயர் அவளுக்கே மறந்திருக்கும். "மூணு மணிக்குள்ள ஏத்தலேன்னா ஆறு மணிக்கு எப்படி இறக்குறது?"

"ஏத்தின அப்புறம் போச்சுன்னா? போன மாசம் பட்டது போதாதா?"

போன மாதம் பொறுமையில்லாமல் முன்னாலேயே ஏற்றினார்கள். இறக்க இருபது நிமிடம் இருக்கும்போது போனது. அன்று அடுப்பைத் திறந்தபோது வந்த நாற்றம் இன்னும் அவர் மூக்கைவிட்டுப் போகவில்லை.

நோயாளியின் மூச்சை எண்ணுகிறவர்களைப் போல மூவரும் விசிறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது நிற்காதா என்பதுதான் இங்கே ஏக்கம்.

"ஊர் உலகமெல்லாம் கரன்ட் வரணும்னு வேண்டிக்கும். எங்க மாமா ஒருத்தர்தான் போகணும்னு தவம் கிடக்கறார்."

"வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சாத மாப்ள."

இரண்டரை. முதலாளி எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கடைசியில் போனை எடுத்து மின்சார ஆபீஸ் நம்பரைப் போட்டார். பெயரைச் சொல்லவில்லை. அந்த ஆபீசைத் திட்டித் திட்டியே தன் பெயரை அங்கே கெடுத்து வைத்திருந்தார்.

"சார், இன்னைக்கு எங்க லைன்ல கரன்ட் எப்ப போகும்?"

"தெரியலைங்களே. இப்பத்தான் டூட்டிக்கு வந்தேன். என்னவோ இன்னும் நிறுத்தாம வச்சிருக்காங்க."

"எப்படியும் நிறுத்தத்தானே போறீங்க? அதை இப்பவே நிறுத்திடுங்க சார். ஒரு பத்து நிமிஷம் போதும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

எதிர்முனையில் ஒரு சிரிப்பு.

"இத்தனை வருஷத்துல நிறுத்தச் சொல்லிக் கேட்ட முதல் ஆள் நீங்கதான். எங்களுக்குக் கரும்பு தின்னக் கூலியா?"

ஐந்தாவது நிமிடத்தில் விசிறி தளர்ந்து, தள்ளாடி, நின்றது. தெருவில் எல்லா வாசலிலிருந்தும் ஒரு முனகல் கிளம்பியது. பட்டறைக்குள் மட்டும் கைத்தட்டல்.

பத்து நிமிடத்தில் மின்சாரம் திரும்பி வந்தது. அடுப்பக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மணி மூன்று அடிப்பதற்குள் கடைசித் தட்டும் உள்ளே போய்விட்டது.

அடுத்த மூன்று மணி நேரமும் முதலாளி அடுப்பின் சிவப்பு விளக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விளக்கு அணையவில்லை. ஆறு மணிக்குக் கதவைத் திறந்தார்கள். அவர் ஒரு வளையத்தைத் துணியால் பிடித்து எடுத்து, ஆறவிட்டு, இழுத்துப் பார்த்தார். நீண்டது. விட்டதும் சட்டென்று சுருங்கி வட்டமானது. இன்னொன்றை இழுத்தார். அதுவும் அப்படியே.

"தேறிடுச்சு," என்றார்.

வேனில் வந்தவர் நாலைந்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, பேசாமல் பெட்டிகளை ஏற்றச் சொன்னார். வேன் திரும்பிய பிறகுதான் முதலாளி, கவிழ்த்துப் போட்ட டிரம்மின் மேல் உட்கார்ந்தார். காலையிலிருந்து முதல் சொம்புத் தண்ணீர் அப்போதுதான் இறங்கியது. நெஞ்சிலிருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கிக்கொண்டு போனது போல இருந்தது.

தையல் கம்பெனி வேலை முடிந்து மனைவி வேகமாக உள்ளே வந்தாள். காலியான தட்டுகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"சரக்கு போயிடுச்சா? அப்பாடா! இப்பத்தான் எனக்கு உயிரே வந்துச்சு."

"எல்லாம் நல்ல நேரம்," என்றார் அவர்.

"நேரமா? நாலு நாளா அந்த மின்சார ஆபீஸ் படி ஏறி இறங்கினேங்க. இன்னைக்கு ஒரு நாள் நம்ம லைனை நிறுத்தாதீங்கன்னு பெரிய அதிகாரிகிட்ட கண்ணீர் விடாத குறை. சரின்னாரு. நடக்கலேன்னா நீங்க இடிஞ்சு போயிடுவீங்கன்னுதான் சொல்லல."

மச்சினன் ஸ்பானரை மெல்லக் கீழே வைத்தான். அடுப்பக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்படியும் ரெண்டரைக்கு நிறுத்திட்டாங்க! எங்க கம்பெனியும் இதே லைன்தானே, பதறிப்போய்க் கேட்டா, ஷிப்ட் மாறி வந்த ஆளுக்கு விஷயம் தெரியாதாம். எவனோ ஒரு கிறுக்கன் போன் பண்ணி, நிறுத்துங்க, புண்ணியமாப் போகும்னு கெஞ்சினானாம்!"