சின்னவங்க வீடு

படுக்க வைத்ததும் சில பொம்மைகள் தாமாகவே கண்ணை மூடிக்கொண்டன.

மற்றவை மூடவில்லை. விழித்தபடியே கிடந்தன. அவற்றை அவள் சாக்கில் குப்புறக் கவிழ்த்து அடுக்கினாள்.

மாட்டுத் தீவனம் வந்த சாக்கு. எத்தனை உதறியும் தவிட்டு வாசனை போகவில்லை.

காலையில் தரகர் மாரப்பன் ஃபோன் செய்திருந்தார். கணவர் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். மாப்பிள்ளை வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஜாதகம் பொருந்தி, பூ வைக்க நாளும் பார்த்த பிறகு.

"பையனோட அக்கா செல்லுல எதையோ பாத்துருக்குதுங்க. உங்க வீட்டம்மா பொம்மையப் பத்தி எழுதறாங்களாமா. பொம்மைக்குக் காய்ச்சல், பொம்மைக்குக் கோவம்னு. அந்தம்மா ஒரு மாதிரி போல, நாளைக்குப் பொறக்கற கொழந்தைக்கும் அது வந்துட்டா என்ன பண்றதுங்கறாங்க."

கணவர் அவசரமாக ஸ்பீக்கரை அணைத்தார். அதற்குள் எல்லோரும் கேட்டாகிவிட்டது.

மகள் மிருதுளா பாதி இட்லியோடு எழுந்து கை கழுவினாள். வங்கிக்கு நேரமாகிவிட்டது என்றாள். திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை.

"போயிட்டு வரேம்மா" என்றுதான் சொன்னாள்.

முதல் பொம்மை மகளுக்காக வாங்கியதுதான். ஈரோட்டுப் பொருட்காட்சியில் அழுது அடம்பிடித்து வாங்கியவள், இரண்டு நாளில் கட்டிலுக்கடியில் போட்டுவிட்டாள். இவள் எடுத்துத் துடைத்தாள். மிஞ்சிய ரவிக்கைத் துணியில் ஒரு பாவாடை தைத்தாள்.

அப்படி ஆரம்பித்தது.

பழைய சாமான் கடையிலிருந்து கை இல்லாதது ஒன்று வந்தது. சந்தையிலிருந்து முடி கொட்டியது ஒன்று. யார் வீட்டிலோ வேண்டாமென்று கழித்தது ஒன்று. சுவரோர அலமாரி நிறைந்தது. எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தாள். மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவற்றைப் பற்றி வலைப்பூவில் எழுதினாள். அதற்கும் ஒரு பெயர் வைத்தாள். சின்னவங்க வீடு.

பொம்மைக்குக் காய்ச்சல் என்று எழுதியது உண்மைதான்.

அந்த வாரம் காய்ச்சல் அவளுக்கு. தனக்குக் கஞ்சியும் மற்றவர்களுக்குக் குழம்பும் வைத்துவிட்டுப் படுத்திருந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. தன்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? கை இல்லாத பொம்மை செவந்திக்குக் காய்ச்சல் என்று எழுதினாள். வாய் கசக்கிறதாம், யாரோடும் பேசப் பிடிக்கவில்லையாம் என்று எழுதினாள்.

மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் அதன் கீழே எழுதியிருந்தார்.

'செவந்திக்கு இப்ப எப்படி இருக்கு? பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?'

அன்று அவள் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

கடைசிச் சாக்கின் வாயைக் கட்டும்போது கணவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தக்கூட இல்லை.

"உன்ன நான் தப்பாச் சொல்லல. புள்ளைக்காகத்தான் சொல்றேன்."

"தெரியுமுங்க."

"அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கறத எப்படி எடுக்கறதுன்னு எனக்குத் தெரியாது. நீயே அழிச்சுரு."

அழிப்பது எழுதுவதைவிடச் சுலபமாக இருந்தது. நிரந்தரமாக நீக்கலாமா என்று திரை கேட்டது.

அவளிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அழுத்தினாள். பதினோரு வருடத்து எழுத்து போயிற்று. நர்ஸின் கேள்வியும் போயிற்று.

கணவர் சாக்குகளை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினார். பால்வாடிக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றார். பால்வாடி ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது. குக்கர் அடங்குவதற்குள் திரும்பி வந்துவிட்டார்.

அவள் குக்கரைத் திறந்தாள்.

ஐப்பசியில் பெருந்துறையிலிருந்து வேறொரு இடம் வந்தது. அலமாரியில் இப்போது எவர்சில்வர் பாத்திரங்கள் பளபளத்தன. மாப்பிள்ளையின் அம்மா சிரித்த முகக்காரர். வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே இவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பகல்ல தனியாத்தான இருப்பீங்க. பொழுது எப்படீங்க போகுது?"

கணவரின் காப்பி டம்ளர் பாதியில் நின்றது.

"டி.வி. பாப்பேனுங்க" என்றாள் அவள்.

டம்ளர் உதட்டுக்குப் போனது.

மாப்பிள்ளைப் பையன் கூச்சப்பட்டுக்கொண்டே மிருதுளாவிடம் கேட்டான். நல்ல பையனாகத்தான் தெரிந்தான்.

"உங்களுக்கு என்னங்க புடிக்கும்?"

மிருதுளா தலை நிமிர்ந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மாவை ஒருமுறை பார்த்தாள்.

"அப்படி ஒண்ணும் இல்லீங்க."

எல்லோருக்கும் திருப்தி. அவர்கள் கார் மெயின் ரோட்டை எட்டும் முன்பே மாரப்பன் ஃபோனில் வந்துவிட்டார். கணவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து மாதக்கணக்கில் ஆகிறது. ஸ்வீட் வாங்கி வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அறைக்குள் மகள் பட்டுப்புடவையின் ஊசிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இவள் போய்க் கதவருகில் நின்றாள்.

"உனக்குப் புடிச்சிருக்கா கண்ணு?"

மகள் திரும்பவில்லை. கழற்றிய ஊசிகளை ஒவ்வொன்றாக மூடி மேசைமேல் வைத்தாள்.

"அதான் அவங்களுக்குப் புடிச்சுப் போச்சேம்மா."