ஹெஸ்கெனில் நின்றவன்

"போய்யா, அப்பாவைப் பாத்துட்டு வா. நீ வந்து சேர்ற வரைக்கும் ஒருத்தனும் வேகம் எடுக்க மாட்டான்" என்றார் வூட்டர். பல நாள் நடக்கும் பந்தயத்தில் இதுவரை முதலிடத்தில் இருக்கிற மஞ்சள் சட்டைக்காரர். அவர் சொன்னால் சைக்கிள் கூட்டம் முழுவதும் கேட்கும்.

சொந்த ஊர் வழியாகப் பந்தயம் போனால், அந்த ஊர்க்காரனை முன்னால் விடுவது சைக்கிள்காரர்களின் வழக்கம். வீட்டாரைக் கட்டிப்பிடித்து, ஒரு வாய் டீ குடித்துவிட்டு, பின்னால் வரும் கூட்டத்தோடு அவன் சேர்ந்துகொள்வான்.

யெஸ்டின் தனியாக முன்னே போனான்.

பதினோரு வருடமாக அவன் செய்த வேலை, மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் சுமந்தது, எதிர்க்காற்றை மறைத்து முன்னால் ஓட்டியது. ஒரு பந்தயம்கூட ஜெயித்ததில்லை. அடுத்த வருடம் அணியில் இடமில்லை என்று போன வாரம்தான் சொன்னார்கள். அதுவும் காலைச் சாப்பாட்டு மேசையில், வாயில் ரொட்டியை மென்றபடி.

மலை இறங்கினால் அவன் ஊர் ஹெஸ்கென். ஊரைத் தாண்டி ஒரே ஒரு ஏற்றம். அதற்கப்பால் பந்தயத்தின் முடிவுக்கோடு.

மூடிக்கிடக்கும் சுரங்கத்தின் வாசலிலிருந்து சிப்ஸ் கடை வரை ஊரே திரண்டிருந்தது. "வந்துட்டான்டா நம்ம பய!" என்று யாரோ கத்தினார்கள்.

கடை வாசலில் சக்கர நாற்காலியில் அப்பா. சுரங்கத் தூசி தின்றது போக மிச்சமிருந்த நுரையீரலுக்கு மூக்கில் குழாய். அக்கா நெஸ்டா கையை ஆட்டினாள். அப்பா இரண்டு கைகளையும் விரித்துக் காத்திருந்தார்.

யெஸ்டினின் விரல்கள் பிரேக்கில் இருந்தன.

திரும்பிப் பார்த்தான். சாலையில் ஈ காக்கை இல்லை.

விரல்களை எடுத்துவிட்டு, அப்பாவைத் தாண்டிப் போனான்.

ஊர் வாயடைத்துப்போனது.

ஏற்றத்தில் அழுதுகொண்டே மிதித்தான். வெட்கம் ஒரு பக்கம், வெறி ஒரு பக்கம். சின்ன வயதிலிருந்து அப்பா கேட்டது ஒரே ஒரு கோப்பைதானே? அதை அவர் மடியில் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தான்.

ஜெயித்தான்.

வெகுநேரம் கழித்துக் கூட்டம் வந்தது. ஒருவரும் கைகொடுக்கவில்லை. வூட்டர் முகத்தைக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போனார். ஒருவன் காலடியில் துப்பினான். போகட்டும், இவர்களுக்காகவா ஜெயித்தான்?

கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போன் செய்தான். "அக்கா, அப்பாகிட்ட குடு. கோப்பையோட வரேன்."

நெஸ்டா கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"கொண்டு வராதே." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "கோடையிலேர்ந்து அவருக்குக் கண்ணு தெரியலடா. நீ ஒரு தடவ வந்திருந்தா தெரிஞ்சிருக்கும். நீ தாண்டிப் போனப்ப, யாரு அதுன்னு கேட்டாரு. பந்தயத்துக்கு முன்னால போற மோட்டார் பைக்குன்னு சொன்னேன். விரிச்ச கையை அவர் மடக்கவே இல்ல. அதைப் பாத்துட்டுத்தான் மஞ்சள் சட்டைக்காரர் சைக்கிளைப் போட்டுட்டு வந்தாரு. கூட்டமே நின்னுச்சு. ஒரு வார்த்தை பேசாம மண்டி போட்டாரு. அப்பா அவர் தலையை மார்ல சாய்ச்சுக்கிட்டு, 'கோப்பை கெடக்கட்டும், நீ நின்னியேடா'ன்னு அழுதாரு."

யெஸ்டின் கோப்பையைத் தரையில் வைத்தான்.

"நீ ஜெயிச்சத ஊர்ல ஒருத்தரும் அவர்கிட்ட சொல்ல மாட்டாங்க. நீயும் சொல்லாதே."