முடிச்சில் ஒரு கோணல் காசு

கவிதா குளியலறைக் கதவைச் சாத்தியதும், அவள் கணவன் கஜபதி முருகன் படத்துக்குப் பின்னால் கையை விட்டான். அங்கே இருந்த மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்து, ஒரு ரூபாயை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அதன் இடத்தில் வேறொரு ரூபாயை வைத்து, பழையபடியே முடிந்துவைத்தான்.

சொந்த வீட்டில், கும்பிடுகிற சாமியிடம், ஒரு ரூபாய்த் திருட்டு. ஆனால் அது லேசுப்பட்ட ரூபாய் இல்லை. நேற்று படம் துடைக்கும்போது முடிச்சு தளர்ந்து கண்ணில் பட்டது. சிங்கத் தலை நடுவில் நிற்காமல் ஓரத்துக்கு நழுவி, மீதிப் பாதி மழமழவென்று இருந்தது. அச்சில் தப்பிப் பிறந்த காசு! இரண்டு லட்சம் போகும் என்று வீடியோவில் ஒருவன் தினமும் சத்தியம் செய்கிறான்.

திருத்தணி பஸ் ஸ்டாண்டு அருகே தேங்காய், கற்பூரம் விற்பவன் கஜபதி. ஒரு வருஷமாகக் கல்லாவில் விழும் சில்லறையைப் புரட்டிப் புரட்டி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். சாப்பிடும்போதுகூட அந்த வீடியோதான் ஓடும். கவிதா காதில் வாங்காதவள்போலக் குழம்பு ஊற்றுவாள். விவரம் தெரியாமல் கல்லாவிலிருந்து எடுத்துச் சாமிக்கு முடிந்துவிட்டாளே என்று அவனுக்கு வயிறு எரிந்தது. சாமிக்கு எல்லா ரூபாயும் ஒன்றுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

சித்திரையில் அவன் காலில் சர்க்கரைப் புண் ஆறாமல், விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது அவள் வேண்டிக்கொண்டு முடிந்தது அது. இப்போது புண் ஆறிவிட்டது. இன்று கிருத்திகை, மலைக்குப் போய் உண்டியலில் போட வேண்டும்.

குளித்து வந்தவள் காதில் வேப்பங்குச்சி செருகியிருந்தது. நல்ல நாளில்கூட கம்மல் இல்லையா என்று கேட்டான். திருகு தேய்ந்துபோய் ஆசாரியிடம் கிடக்கிறது என்றாள். சித்திரையிலிருந்து இதே பதில்தான். இருந்த அவசரத்தில் அவன் மேலே கேட்கவில்லை.

மலையில் முடிச்சை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு உண்டியலில் போட்டாள். போட்டுவிட்டு அழுதாள். கஜபதியால் சாமியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. குனிந்தால் ஆறிப்போன கால் தெரிந்தது. உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

மறுநாள் அரக்கோணத்தில் பழைய காசு வாங்கி விற்கும் சிங்காரத்திடம் அதை நீட்டினான். அவர் லென்ஸ் வைத்து ஒரே ஒரு தரம் பார்த்தார்.

"இது அச்சுல தப்பினது இல்லீங்க. யாரோ பட்டறையில அரைச்சு அடிச்சிருக்கான். நெஜமாவே தப்பினதா இருந்தா, சேக்கறவங்க ஏதோ நூறு எரநூறு குடுப்பாங்க. லட்சமெல்லாம் வீடியோவுலதான். இத டீக்கடையிலகூட வாங்க மாட்டாங்க."

வீடு திரும்பியவனுக்குச் சோறு இறங்கவில்லை. காசைக் கவிதாவின் முன்னால் வைத்தான். முடிச்சை மாற்றியது, அரக்கோணம் போனது, சிங்காரம் சொன்னது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான்.

"சில்லறையில வந்த செல்லாக் காசுக்கு ஆசப்பட்டு, என் காலைக் காப்பாத்துன சாமிகிட்டயே திருடிட்டேன் கவிதா. வெக்கமா கீது."

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் காசை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒண்ணுமே போகாதா என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு காதிலிருந்த வேப்பங்குச்சியைத் தடவியபடி, தலை நிமிராமல் சொன்னாள்:

"சில்லறையில வரலைங்க அது. ரெண்டு லட்சம் போவும்னு ஒருத்தன் சொன்னான், உங்க காலுக்கு ஈடா முருகனுக்குக் குடுக்கலாம்னு நாப்பதாயிரம் குடுத்து வாங்கினேன்."