பக்கத்து ஸ்லாட்

அந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் நாலு ஜிபி ரேம் ஒன்று ஏழு வருஷமாகத் தனிக்காட்டு ராஜாவாக இருந்தது. ஒருநாள் வீட்டுக்காரி செண்பகம் அதைக் கழற்றி, மேலே ஒட்டியிருந்த எண்களைக் குறித்துக்கொண்டு மறுபடி மாட்டினாள். 'எதுக்கு நம்மள அளவெடுக்குறா?' என்று அது சந்தேகப்பட்டது.

மறுவாரம் பக்கத்து ஸ்லாட்டில் புத்தம்புது எட்டு ஜிபி ரேம் வந்து உட்கார்ந்தது.

"அண்ணே, நீங்க போற வேகத்துலயே நானும் வர்றேன்" என்றது புதுசு.

'என்னைவிட வேகமா ஓடத் தெரிஞ்சவன் எனக்காக ஏன் நடக்கணும்? இதுல ஏதோ உள்குத்து இருக்கு' என்று நினைத்தது பழசு. பழி புதுசின் தலையில் விழட்டும் என்று, தன் பிடியை மெல்லத் தளர்த்திக்கொண்டது.

கம்ப்யூட்டர் பீப் பீப் என்று கத்தியது. திரையில் ஒன்றும் வரவில்லை. செண்பகம் புதுசைக் கழற்றிப் பார்த்தாள். அப்போதும் பீப். பழசை எடுத்து, அதன் பொன்முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினாள். பழசு வீம்பாக மூச்சே விடவில்லை. கடைசியில் புதுசை மட்டும் மாட்டினாள். கம்ப்யூட்டர் பறந்தது.

புதுசு வந்த அட்டைப்பெட்டியிலேயே பழசைப் போட்டு மூடினாள்.

"எனக்கு முதல் நாளே தெரியும், இவன் என் இடத்தைப் பிடிக்கத்தான் வந்தான்னு!" என்றது பழசு, பெட்டியின் இருட்டிடம்.