பேர் வெட்டிய தட்டு

“சாவிய அந்த ஸ்டூல் மேல வெச்சிட்டு அப்புறமா சாப்புடு, சுப்புராயா.”

லாரி முதலாளி ராமாமிர்தம் இப்படிச் சொன்னதும், டிரைவர் சுப்புராயன் மறுபேச்சில்லாமல் சாவியை வைத்தார். சிதம்பரம் பைபாஸ் ஒர்க்‌ஷாப்பின் வேப்பமர நிழலில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தார்.

மூடியில் ‘முத்தம்மாள்’ என்று வெட்டியிருந்தது. பெண்டாட்டி பேரைப் பார்க்காமல் இந்த ஆளுக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது என்று ராமாமிர்தம் மனசுக்குள் கடுகடுத்தார்.

கடுகடுப்புக்குக் காரணம் இருந்தது. காலையில் செம்மங்குப்பத்தில் லோடு ஏற்றிக்கொண்டு வந்த லாரி, மேம்பாலம் ஏற மாட்டாமல் பாதியில் நின்று பின்னால் உருண்டுவிட்டது. பின்னால் வந்த பள்ளிக்கூட வேனுக்கு ஒரு முழம் இருக்கும்போதுதான் பிரேக் பிடித்ததாம்.

மெக்கானிக் செம்பியன் டீசல் ஃபில்டரைப் பார்த்தான், ஏர் ஃபில்டரைப் பார்த்தான், டர்போ ஹோஸைத் தடவிப் பார்த்தான். எல்லாம் சுத்தமாக இருந்தது. கடைசியில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“எஞ்சின்ல கோளாறு இல்லண்ணே. புகையைத் திருப்பி எஞ்சினுக்கே அனுப்புற பைப்பு ஒண்ணு இருக்கு. அதுல புகையே வரலைன்னு காட்டுது. அதான் கம்ப்யூட்டர் பயந்துகிட்டு எஞ்சினை அமுக்கி வெச்சிருக்கு. எவ்ளோ மிதிச்சாலும் இழுக்காது. பைப்பைக் கழட்டிப் பாக்கணும்.”

“இங்க எதுக்குப்பா பிரிக்கணும்?” என்று குறுக்கே வந்தான் மகன் செந்தமிழ்செல்வன். அண்ணாமலை நகரில் கட்டிய புது வீட்டிலிருந்து அப்பாவை பைக்கில் அழைத்து வந்தவன். ஒரு வருஷமாக லாரியை மேய்க்கிற பொறுப்பு அவனுடையது. “கடலூர்ல என் ஃபிரெண்டு ஷெட் இருக்கு. அங்க இழுத்துட்டுப் போயிடலாம்.”

“ஃபிரெண்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ கழட்டு செம்பியா.”

நாலு போல்ட்டைக் கழற்றியதும் குட்டு வெளிப்பட்டது. பைப் இணைப்பின் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எவர்சில்வர் தகடு, கோணல்மாணலாகக் கத்தரித்துச் செருகியிருந்தது.

“எவனோ தகடு வெச்சு அடைச்சிருக்கான் பாருங்க. மைலேஜ் ஜாஸ்தி குடுக்கும்னு யூடியூப்ல சொல்றானுவ. பழைய வண்டி கண்டுக்காது. இது புது மாடல், ஒத்துக்குமா?”

செம்பியன் தகட்டை டீசலில் முக்கித் துடைத்தான். கரி போன இடத்தில் எழுத்து தெரிந்தது. படித்தவன் தலையை நிமிர்த்தவே இல்லை.

ராமாமிர்தம் அதைப் பிடுங்கிப் படித்தார். ‘சுப்புராயன், டிரைவ’ என்பதோடு எழுத்து கத்தரிபட்டிருந்தது.

இருபத்திரண்டு வருஷப் பழக்கம். வீட்டுச் சாவியைக்கூட நம்பிக் கொடுத்த ஆள். வேலியே பயிரை மேய்ந்துவிட்டதே என்று நினைத்தபோது கோபத்தைவிட அழுகைதான் முதலில் வந்தது.

“மைலேஜ் கூடக் காட்டுனா பேட்டா சேத்துத் தரேன்னு சொன்னது என் தப்புய்யா. அதுக்காக சோறு திங்கிற தட்டையே வெட்டி வெப்பியா? அந்த வேன்ல புள்ளைங்க இருந்துச்சிங்களே!”

சுப்புராயன் எழுந்து வந்தார். கையைக் கழுவிவிட்டு, தகட்டை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“நான் வெக்கல மொதலாளி.”

“பேரு இருக்கு. போதாததுக்கு டிரைவர்னு வேற இருக்கு. இது உன் பேரு இல்லன்னு சொல்லு பாப்போம்.”

“எம்பேருதான். நான் காசு குடுத்து வாங்குன தட்டுதான்.”

“கேட்டியா செல்வா? அவன் வாயாலயே வந்துடுச்சி. இனிமே இந்தச் சாவிய இவன் தொடக் கூடாது. நீ ஸ்டேஷனுக்குப் போனைப் போடு.”

செந்தமிழ்செல்வன் போனை எடுக்கவில்லை. “விட்டுடுங்கப்பா. பாவம், வயசானவரு. வேலையை விட்டு அனுப்பிட்டா போதும்” என்று முனகினான். பையனுக்கு இவ்வளவு இளகிய மனசு எப்போது வந்தது என்று ராமாமிர்தத்துக்கு ஆச்சரியமாக இருந்தது.

சுப்புராயன் அந்தப் பையனையே சற்று நேரம் பார்த்தார். பிறகு மரத்தடிக்குப் போய்த் தூக்குச்சட்டியின் மூடியை எடுத்து வந்து முதலாளியிடம் நீட்டினார்.

“எங்க வூட்டு ஏனம் பாத்திரம் எல்லாத்துலயும் முத்தம்மா பேருதான் மொதலாளி. தான் திங்கிற தட்டுல எவனாவது டிரைவர்னு வெட்டிக்குவானா?”

“அப்ப இது ஏது?”

“குடுத்தது எந்த சுப்புராயன்னு தெரியணும்னு கடைக்காரன்கிட்ட சொல்லித்தான் வெட்டுனேன்.” சுப்புராயன் தகட்டை முதலாளி கையில் வைத்தார்.

“உங்க புது வூட்டு கிரகப்பிரவேசத்துக்கு நான் மொய்யா வெச்ச தட்டு, மொதலாளி.”