இடக்கையால் அள்ளிய சேறு

தோட்டத்து மீன்குளத்தில் தண்ணீரை இறைத்தாகிவிட்டது; மிஞ்சியிருப்பது முழங்கால் ஆழச் சேறு. அதன் நடுவில் தையல்காரம்மா நிற்கிறாள். பக்கவாதம் வந்து ஐந்து மாதமாகிறது. வலக்கை இன்னும் துணி மாதிரி தொங்குகிறது. இடக்கையால் பழைய சட்டியை அழுத்தி அள்ளுகிறாள். கறுப்புச் சேறு சளக்கென்று வாளியில் விழ, அழுகிய இலை நாற்றம் காலை வெயிலில் குப்பென்று எழுகிறது. கரையோரம் அண்டாவுக்கு மாற்றிய மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. புருஷன் கரையில் நின்று கையைப் பிசைகிறார். "ஆள் வெச்சு அள்ளிக்கலாம்னு எத்தனை தடவை சொல்றது? வழுக்கி விழுந்தா?" "சேத்துலதானே விழுவேன், கல்லுலயா?" சட்டி மறுபடி இறங்குகிறது. "ஊசியைத் தொடாதேன்னீங்க, தொடல. மிஷினை மூடி வெச்சீங்க, வாயைத் திறக்கல. இதையும் விடுன்னா விட மாட்டேன்." அவள் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது, பல்லைக் கடித்து நிமிர்கிறாள். அதற்குமேல் அவருக்குப் பொறுக்கவில்லை. கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, அவள் தோளைப் பிடிக்கக் கையை நீட்டுகிறார். அவள் ஓரடி விலகி, நிரம்பிய வாளியின் பிடியை அந்தக் கையில் திணிக்கிறாள். "என்னைப் பிடிக்க வேணாம். இதைப் பிடிங்க."